கனவில் பிடித்த சிகரெட்

அந்தக் கருவி பழைய கைபேசிக்கும் ஊதலுக்கும் பிறந்த குழந்தை மாதிரி இருக்கும். ஒரு முனையில் அட்டைக் குழாயைச் செருகி, பதினைந்து எண்ணும்வரை மூச்சை அடக்கி, பிறகு நெஞ்சு காலியாகும்வரை ஊதவேண்டும். மூச்சில் எவ்வளவு புகை என்று மேலே ஓர் எண் வரும், கீழே ஒரு விளக்கு எரியும். ஆறு வரைக்கும் பச்சை. அதற்குமேல் மஞ்சள். பத்தைத் தாண்டினால் சிவப்பு. பச்சை என்றால் ஆள் யோக்கியன். சிவப்பு என்றால் ஆள் எங்கேயோ சந்துமுனையில் ஒதுங்கி ஒன்றைப் பற்றவைத்துவிட்டு, புதினா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான்.

திங்கட்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு, கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, நுரை அதில் ஊதினார். சும்மா, பேட்டரி வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான்.

பதினான்கு. சிவப்பு.

பதினோரு மாதமாக அவர் ஒரு சிகரெட்டையும் தொட்டதில்லை. தொட்டதில்லை என்றுதான் அன்று மூன்று மணி இருபத்தொன்பது நிமிடம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தார்.

நுரை முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். சவரத்துக்குப் பிரஷ்ஷை எடுத்தால் கன்னம், காது, சமயத்தில் மூக்குத்துளை என்று வஞ்சனையில்லாமல் பூசுவார். பேர் வந்த வழி அது. நுரையீரலைக் காப்பாற்றும் குழுவுக்கு நுரை தலைவரா என்று சின்ன ஆஸ்பத்திரி சிஸ்டர் ஒருமுறை சிரித்தார். நுரை சிரிக்கவில்லை. பதவியில் இருப்பவர்கள் அப்படியெல்லாம் சிரிக்கமாட்டார்கள்.

பதவி என்றால், அது வந்த கதை இப்படி. அந்தப் பேட்டைக்குத் தண்ணீர் லாரியே நினைத்தால்தான் வரும்; டாக்டர் எங்கே வருவார். சிகரெட்டை விடு என்று சொல்ல ஓர் ஆள் வந்து சேர்வதற்குப் பத்து வருஷம் முன்பே சிகரெட் கம்பெனியின் இலவசக் குடை பெட்டிக்கடைக்கு வந்துவிட்டது. கடைசியில் சின்ன ஆஸ்பத்திரி ஒரு யோசனை செய்தது. வெளியாள் சொன்னால் யாரும் கேட்பதில்லை. சிகரெட்டை விட்ட உள்ளூர் ஆளையே விட நினைப்பவர்களுக்குத் துணையாகப் போடலாம். தேடிப் பார்த்ததில் விட்ட ஆள் ஒருத்தர்தான் அகப்பட்டார். எனவே தேர்தலில் போட்டியில்லை. இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, அந்தக் கருவி, ஒரு பெட்டி அட்டைக் குழாய், பதினாறு பக்கக் கையேடு, ‘வழித்துணை’ என்று எழுதிய பேட்ஜ் எல்லாவற்றையும் நுரையின் கையில் கொடுத்தார் சிஸ்டர். பேட்ஜை அவர் குளிக்கும்போது மட்டும் கழற்றினார்.

கையேட்டில் பத்துப் பக்கம் படித்தார். மீதி ஆறு பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்ட நேரத்தில், பழைய பேப்பர் தீர்ந்துபோனபோது, கத்தியில் வழித்த நுரையைத் துடைக்கப் பயன்பட்டது. கடைசிப் பக்கங்களில் என்ன பெரிதாக எழுதியிருக்கப் போகிறார்கள், பேட்டரி மாற்றுவதைப் பற்றி இருக்கும்.

புதன்கிழமை தோறும் நாலு மணிக்குச் சின்ன ஆஸ்பத்திரியில், தடுப்பூசி போடும் அறையில், குழு கூடும். கிடங்கில் சுமை தூக்கும் மூட்டை, அலுவலகங்களில் தரை துடைக்கும் பினாயில் அக்கா, காவலாளி விசில், துணி தேய்க்கும் மடிப்பு, தலைவர் நுரை. தலைவர்தான் முதலில் ஊதவேண்டும். அது அவரே போட்ட விதி. போட்டபோது ரொம்பக் கம்பீரமாக இருந்தது. இன்னொரு விதியும் உண்டு. சிவப்பு வந்தவரை யாரும் திட்டக்கூடாது. ஆமாம், நேற்று ஒன்று அடித்துவிட்டேன் என்று அவர் உண்மையைச் சொன்னால் எல்லோரும் கைதட்டவேண்டும். மூட்டை இதுவரை ஏழு தடவை கைதட்டு வாங்கியிருக்கிறார். பேட்டையில் வேறு எதற்கும் அவருக்கு யாரும் கைதட்டியதில்லை.

பொய் சொன்னால் மட்டும் மன்னிப்பு இல்லை.

அந்த விதியில் இரண்டு வாரத்துக்கு முன்னால் மாட்டினவன்தான் மடிப்பு. முப்பது வயசு. பிறந்து ஏழு மாசமான பெண் குழந்தை. புகை நாறும் கையோடு பிள்ளையைத் தூக்காதே என்று மனைவி சொன்னதைக் கேட்டுக் குழுவுக்கு வந்தவன். முதல் மூன்று வாரம் சுத்தமான பச்சை. பிறகு ஒருநாள் ஊதினான், பதினெட்டு. எல்லோரும் கைதட்டத் தயாராகக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவன், நான் அடிக்கவே இல்லை என்றான். திரும்ப ஊதச் சொன்னார்கள். அதே பதினெட்டு. பிள்ளைமேல் சத்தியம் செய்யப் போனவனைப் பினாயில் அக்கா தடுத்துவிட்டாள்.

“அடிச்சிருந்தா சொல்லிட்டுப் போறேனே அண்ணே, கைதட்டாவது கிடைக்கும்ல?” என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. ஆனால் நியாயமான கேள்வி கேட்பவன்தான் கைதேர்ந்த பொய்யன் என்று அன்று நுரைக்குத் தோன்றியது. மிஷினுக்கு உன்மேல என்னடா பகை என்று கேட்டார். உண்மையைச் சொல்ல மனசு வரும்போது வா, அதுவரைக்கும் வராதே என்று வாசலைக் காட்டினார். குழு முழுக்க அவர் பக்கம்தான் நின்றது.

இதில் ஒரு சங்கடம். மடிப்பு நுரையின் ஜோடி. குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி உண்டு. சிகரெட் ஆசை வரும்போது ஜோடியைக் கூப்பிடவேண்டும், அது அடங்கும்வரை அவர் கூட இருக்கவேண்டும். நுரைக்கும் மடிப்புக்கும் கூப்பிடப் போன்கூடத் தேவையில்லை. நுரையின் கடைக்குப் பின்சுவர்தான் மடிப்பின் அறைக்கும் சுவர். ஆசை வந்தவர் சுவரில் மூன்று முறை தட்டுவார். மற்றவர் மூன்று முறை திருப்பித் தட்டுவார். பிறகு இருவரும் அவரவர் இடத்தில் ஒரு தம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடிப்பார்கள். அவ்வளவுதான் சிகிச்சை. அது எப்படி வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது, வேலை செய்தது.

வாசலைக் காட்டிய பிறகும் மடிப்பு தட்டிக்கொண்டுதான் இருந்தான். நுரை திருப்பித் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

இப்போது அவர் கையில் பதினான்கு. நாளை மறுநாள் புதன்.

அன்று ராத்திரி வீட்டில் ஊதிப் பார்த்தார். மஞ்சள் விளக்கு. செவ்வாய்க்கிழமை காலை எழுந்தவுடன் ஊதினார். மூன்று, அழகான பச்சை. அப்பாடா, நேற்று மிஷினுக்குத்தான் ஏதோ கிறுக்கு என்று கடையைத் திறந்தார். மதியம் ஊதினால் பதினாறு.

அப்போதுதான் கணக்கு உறைத்தது. காலையில் பச்சை, மதியம் சிவப்பு. அப்படியானால் இடையில், கடையில் இருக்கும்போதுதான் யாரோ சிகரெட் பிடிக்கிறார்கள். கடையில் அவரைத் தவிர யாரும் இல்லை.

சிகரெட்டை விட்டவர்களுக்கு ஒரு கனவு வரும். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் குழுவில் எல்லோருக்கும் வருகிறது. கனவில் ஒன்றைப் பற்றவைப்பார்கள். ருசி, காரம், தொண்டையில் இறங்கும் சூடு, எல்லாம் அச்சு அசலாக இருக்கும். பாதி பிடித்ததும் ஐயையோ விட்டுட்டோமே என்று நினைவு வந்து வியர்த்து எழுந்து உட்காருவார்கள். நுரைக்கு இந்தக் கனவு கொஞ்ச நாளாகத் தினமும் மதியம் வந்துகொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கடை நாற்காலியில் சாய்ந்தால் ஒரு தூக்கம் அழுத்தும். முன்பெல்லாம் அப்படித் தூங்குகிறவர் இல்லை. எழுந்தால் தலை இரும்பாகக் கனக்கும், கால் இரண்டும் தன்னுடையதா என்று சந்தேகம் வரும்.

கனவில் பிடித்த சிகரெட் மிஷினில் காட்டுமா? கையேட்டில் முதல் பத்துப் பக்கத்தைப் புரட்டினார். அதைப்பற்றி ஒன்றும் இல்லை.

அதைவிட மோசமான எண்ணம் அடுத்தபடியாக வந்தது. அது கனவுதானா?

தெருக்கோடிப் பெட்டிக்கடைக்குப் போய், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, நேற்று மத்தியானம் நான் இங்கே வந்தேனா என்று கேட்டார். கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பதினோரு மாசமா என் வயித்துல அடிச்சிட்டு, இப்ப வந்தேனா வரலையான்னு என்னையே கேக்கறியா என்றார். வரவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். ஆனால் பேட்டையில் இன்னும் நாலு பெட்டிக்கடை இருக்கிறது. நாலு கடையிலும் போய், நான் தூக்கத்தில் நடந்து உங்களிடம் சிகரெட் வாங்குகிறேனா என்று ஒரு குழுத் தலைவர் கேட்க முடியாது.

திரும்பி வந்து, முடிவெட்டும்போது வாடிக்கையாளருக்குப் போர்த்தும் துணியின் நாடாவால் தன் இடது கையை நாற்காலிக் கையோடு சேர்த்துக் கட்டினார். முடிச்சின்மேல் முகப்பவுடரைத் தூவினார். அவிழ்த்தால் விரலில் ஒட்டும். சாய்ந்தார். தூக்கம் காத்திருந்த மாதிரி வந்து விழுந்தது.

எழுந்தபோது நாடா கட்டியபடியே இருந்தது. பவுடர் கலையவில்லை. வலது கையால் கருவியை எடுத்து ஊதினார். பத்தொன்பது.

நாடா அவிழ்ந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். திருடன் யார் என்றாவது தெரிந்திருக்கும். எழுந்து நிற்காமல், கையை அசைக்காமல், பூட்டிய வீட்டுக்குள் வந்துபோகிறவனைப் போல, தன் நெஞ்சுக்குள் எவனோ புகை விட்டுக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே நுரை நாடாவை அவிழ்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் இருந்தவரின் முகம் சிவந்திருந்தது. அவரைப் பார்த்தால் நம்பத் தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்து விசில் சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, முதலாளியின் நாய் தன்னைவிட நல்ல சாப்பாடு சாப்பிடுவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நுரை ஒரு கன்னத்தை வழித்துவிட்டுக் கத்தியைக் குரல்வளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கத்தி இரண்டாகத் தெரிந்தது. எந்தக் கத்தி நிஜம் என்று தெரியாத நிலையில் ஒரு நண்பனின் கழுத்தில் வேலை செய்வது எப்படி என்று அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. தாடி வைத்தால் உனக்கு எடுப்பாக இருக்கும் என்று சொல்லி, பாதி முகத்தோடு அவரை அனுப்பிவைத்தார்.

சாயங்காலம் மனைவியிடம் சொல்லிவிட்டார். அவளுக்குத் துணி ஆலையில் சட்டைகளைச் சோதித்து அனுப்பும் வேலை. தினமும் அறுநூறு சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நூல் பிசகினதை ஒதுக்குவாள். அதே மாதிரி அவரையும் விளக்குக்குக் கீழே நிறுத்தி, விரலை மோந்தாள், சட்டையை மோந்தாள், வாயைத் திறக்கச் சொன்னாள். சோப்பு வாசனையைத் தவிர எதுவும் இல்லை.

“அடிச்சீங்களா?”

“தெரியலை.”

பதினாறு வருஷத்தில் அவர் ஆமாம் என்று பொய்யும் இல்லை என்று பொய்யும் சொல்லிக் கேட்டிருக்கிறாள். தெரியலை என்று கேட்டதில்லை. விளக்கை அணைத்தாள். பிறகு, நாளைக்கு நான் லீவு போட்டுட்டுக் கடையில வந்து உக்காந்துக்கறேன் என்றாள். நீங்க அடிச்சா நான் பாத்துடுவேன். அடிக்கலைன்னாலும் பாத்துடுவேன்.

புதன்கிழமை விடிந்ததிலிருந்து மழை. கடையின் கண்ணாடிக் கதவை இறுகச் சாத்திக்கொண்டார்கள். அந்தக் கதவு, போன புதன்கிழமைக் கூட்டத்தில் நுரை பச்சை ஊதிய மறுநாள்தான் போட்டது. தெருவில் நிற்பவன் ஊதும் புகை கடைக்குள் வரக்கூடாது என்று, ஈ நுழைய இடமில்லாமல் ஓரமெல்லாம் ரப்பர் வைத்துப் பொருத்தியிருந்தார்.

மனைவி பெஞ்சில் உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். மழைக்கு இரண்டு பேர்தான் வந்தார்கள். யார் இது என்பதுபோல அவளைப் பார்த்துவிட்டு, கோவிலில் உட்காருவதுபோல அடக்கமாக உட்கார்ந்து முடிவெட்டிக்கொண்டு போனார்கள். மதியம் சாப்பிட்டார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்தார். தூக்கம் வந்தது, கனவும் வந்தது. நடுவில் அவள் இரண்டு தடவை அவர் மூக்குக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தாள். அவர் தூங்கிய தூக்கம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டரை மணிக்குப் பின்சுவரில் சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் பொறுத்து, இன்னொரு டொக். நுரைக்கு விழிப்புத் தட்டியது.

“என்னது அது?” என்று கேட்டாள் மனைவி.

ஒன்றுமில்லை, ஒரு பொய்க்காரன் என்றார். மூன்றாவது தட்டுக்காகக் காது தானாகவே காத்திருந்தது. வரவில்லை. இப்போது ஒழுங்காகத் தட்டக்கூட உடம்பு வணங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தார்.

மூன்று மணிக்கு மனைவி அவரை உலுக்கி எழுப்பினாள். கூட்டத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம். ஊதினார். இருபது. அவர் கருவியை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். இருபது என்ற எண்ணை இன்னும் சற்று நேரத்தில் மூட்டை பார்ப்பார், பினாயில் அக்கா பார்ப்பாள். நான் அடிக்கவே இல்லை என்று அவர் சொல்வார். யார் சொன்ன வாக்கியம் அது என்று எல்லோருக்கும் தெரியும்.

மனைவி நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தாள். தலைவலி மண்டையைப் பிளக்கிறது என்றாள்.

“நான் பாத்துட்டுதானே இருந்தேன். நீங்க இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. இங்க குடுங்க அதை.”

புதுக் குழாயைச் செருகி, பதினைந்து எண்ணி, ஊதினாள். வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக் கையால் தொடாதவள். அடுத்தவர் பிடித்தால் எழுந்து போகிறவள்.

பதினொன்று. சிவப்பு.

இருவரும் அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்தார்கள். கல்யாணம் ஆன பிறகு இருவரும் சேர்ந்து இவ்வளவு பயந்தது இதுதான் முதல் தடவை.

அவள்தான் முதலில் தெளிந்தாள். ஆலையில் ஒரே பிசகு பல சட்டையில் வந்தால் சட்டையைக் குறை சொல்லமாட்டார்கள். “மிஷின் கெட்டிருந்தா காலையிலயும் சிவப்புதானே காட்டியிருக்கணும். மிஷின் சரி. நீங்களும் சரி. இந்த ரூம்லதான் என்னமோ இருக்கு” என்று சொல்லி, எழுந்து கண்ணாடிக் கதவை அகலத் திறந்து கல்லை முட்டுக் கொடுத்தாள். மழைக்காற்று உள்ளே வந்தது. பிறகு திரும்பி, பின்சுவரைப் பார்த்தாள். சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

“அந்தப் பக்கம் அவன் என்ன வேலை பண்றான்?”

“துணி தேய்க்கிறான்.”

“எதுல?”

“கரிப்பெட்டியில.”

“கதவைத் திறந்து வச்சுட்டுதானே?”

 மடிப்பு முன்பு தெருவோரம் மரத்தடியில் வண்டி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தவன். தெருவை அகலப்படுத்தியபோது மரமும் போயிற்று, இடமும் போயிற்று. ஜன்னல் இல்லாத இந்தப் பின்னறைக்கு வந்தான். கதவைத் திறந்துவைத்துத்தான் வேலை செய்தான். சாம்பல் அந்த இடைவெளி வழியாகப் பறந்து வந்து நுரை பூசிய முகங்களில் உட்கார்ந்தது. அவனைக் கூப்பிட்டு, தம்பி, என் தொழிலைக் கெடுக்காதே, கதவைச் சாத்திக்கிட்டு வேலையைப் பாரு என்று சொன்னது நுரைதான். எப்போது? அவனுக்குப் பதினெட்டு வந்ததே, அதற்கு முந்தின வாரம். அண்ணன் சொல்லிவிட்டார் என்று அன்றைக்கே ஒரு தாழ்ப்பாள் வாங்கி மாட்டினான்.

போன மழையில் எங்க ஆலையில ஜெனரேட்டர் ரூமைச் சாத்திட்டுத் தூங்கினவனைத் தூக்கிட்டுப் போனாங்க, எழுந்திருக்கவே இல்லை என்றாள் மனைவி. குரல் இறங்கியிருந்தது. கரி விடுற விஷக்காத்தும் அப்படித்தான், புகையே தெரியாது, வாசனையும் வராது.

நுரை கருவியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு சுவரிடம் போனார். மூன்று முறை தட்டினார்.

இத்தனை நாளில் அவர் தட்டி அந்தப் பக்கம் பதில் வராமல் இருந்ததில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. இன்னும் மூன்று தட்டினார். பிறகு எண்ணாமல் இரண்டு கையாலும் அறைந்தார். அந்த இரண்டு டொக் ஞாபகத்துக்கு வந்தது. மூன்றாவதை அவன் வேண்டாம் என்று விட்டிருக்கவில்லை.

சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். முப்பது தப்படிதான் இருக்கும். அவருக்கு முழங்காலுக்குக் கீழே கால் இருப்பதாகவே தெரியவில்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கூப்பிட்டார். உதைத்தார். அவர் உதைத்த உதைக்குக் கதவு அசையவில்லை, செருப்புதான் கழன்று சாக்கடையில் போயிற்று. மனைவி கிடங்கைப் பார்த்து ஓடி மூட்டையை இழுத்து வந்தாள். மூட்டை தோளைக் கொடுத்து ஒரே இடி. தாழ்ப்பாள் பெயர்ந்து உள்ளே விழுந்தது. விழுந்த சத்தத்துக்கு உள்ளே யாரும் திரும்பவில்லை.

மனைவி நுரையின் காலரைப் பிடித்து நிறுத்தினாள். “மூச்சை அடக்கிட்டுப் போங்க.”

அதில் மட்டும் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது. வாரா வாரம் செய்வதுதானே. நெஞ்சை நிரப்பிக்கொண்டு உள்ளே போனார். ஒன்று, இரண்டு. தட்டின்மேல் இரண்டு இஸ்திரிப் பெட்டிகள், இரண்டிலும் கரி கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான்கு, ஐந்து. தேய்த்து அடுக்கிய சட்டைகள், ஒன்றின் விளிம்பு மற்றதற்கு ஒரு நூல் பிசகாமல். ஏழு. சுவரோரம் மடிப்பு உட்கார்ந்திருந்தான், தலை தொங்கியிருந்தது. வலது கை விரல் மடக்கியபடி சுவரைத் தொட்டுக்கொண்டு கீழே சரிந்திருந்தது. பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர், ஊற்றி வைத்தது, குடிக்காதது. ஒன்பது, பத்து. அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தார். துணி தேய்க்கிறவனுக்கு இவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது. பதின்மூன்று. மூட்டையின் கை வாசலிலிருந்து நீண்டு வந்து இருவரையும் சேர்த்து ஒரே சுமையாக வெளியே எடுத்துப் போட்டது.

மழையில் கிடத்தினார்கள். முகம் நன்றாகத் தூங்கி எழுந்தவன் முகம்போலச் சிவந்திருந்தது. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. நெஞ்சு ஏறுகிறதா என்று மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். ஏறுவதுபோலவும் இருந்தது, மழைத்துளி அசைவதுபோலவும் இருந்தது. பிறகு ஏறியது.

மூட்டையின் தள்ளுவண்டியில் போட்டு, மேலே சாக்கைப் போர்த்தி, இரண்டு தெரு ஓடினார்கள். சின்ன ஆஸ்பத்திரியில் தடுப்பூசி அறை வாசலில் பினாயில் அக்காவும், பாதி தாடியோடு விசிலும், தலைவருக்காகக் காத்திருந்தார்கள். தலைவர் ஒற்றைச் செருப்போடு, வெளியே தள்ளியவனைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

சிஸ்டர் மடிப்பின் முகத்தில் ஆக்சிஜன் முகமூடியைப் பொருத்திவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி கேட்டுப் போன் செய்தார். வண்டி வர நேரமாகும், மழை. இன்னும் அரை மணி விட்டிருந்தால் என்று சொல்ல ஆரம்பித்து, நுரையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நுரை நடந்ததைச் சொன்னார். பதினெட்டையும் சொன்னார்.

“சிகரெட்ல வர்ற அதே விஷவாயுதான் இதுலயும், பக்கத்துல கரியோ அடுப்போ ஜெனரேட்டரோ இருந்தாலும் இது சிவப்பு காட்டும்னு பன்னெண்டாம் பக்கத்துல கொட்டை எழுத்துல போட்டிருக்கோமே. படிக்கலையா?”

“அந்தப் பக்கத்துலதான் சிஸ்டர்,” என்றார் நுரை, “கத்தியைத் துடைச்சேன்.”

சிஸ்டர், நீங்களும் போய் வெளிக்காற்றில் உட்காருங்கள் என்று மட்டும் சொன்னார்.

வெளி பெஞ்சில் குழு உட்கார்ந்தது. மணி நாலரை ஆகியிருந்தது. புதன்கிழமை. யாரும் கேட்கவில்லை, ஆனால் நுரை சட்டைப் பையிலிருந்து கருவியை எடுத்து, பதினைந்து எண்ணி, எல்லோருக்கும் முன்னால் ஊதினார். பதினாறு. சிவப்பு விளக்கை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“அடிக்கலை. அவனும் அன்னிக்கு அடிக்கலை. கதவைச் சாத்தச் சொன்னதே நான்தான். இன்னிக்கு அவன் தட்டினது எனக்குக் கேட்டுச்சு. கேக்காத மாதிரி படுத்திருந்தேன்.”

உண்மையைச் சொன்னால் கைதட்டவேண்டும், விதி. பழக்கத்தில் விசில் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். பினாயில் அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள். மூட்டை தரையைப் பார்த்துக்கொண்டு, நாங்களும்தான் வாயை மூடிட்டு இருந்தோம் என்றார். மழை பெய்துகொண்டிருந்தது.

ஐந்து மணிக்கு மேல் சிஸ்டர் வந்து, கண்ணைத் திறந்துவிட்டான், ஒருத்தர் மட்டும் போய்ப் பாருங்கள் என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை, எல்லோரும் நுரையைப் பார்த்தார்கள். அவருக்குத் திங்கட்கிழமையிலிருந்து பயந்த பயமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அறைக்குள் போய்க் கட்டில் பக்கத்தில் நின்றார். பேட்ஜைக் கையால் மறைத்துக்கொண்டார்.

மடிப்பு முகமூடிக்கு மேலே அவரைப் பார்த்தான். அடையாளம் தெரிந்தது. பார்வையில் என்ன இருந்தது என்று நுரையால் படிக்க முடியவில்லை. படிக்கவேண்டியதைப் படிக்காத ஆள்தானே அவர். மடிப்பின் வலது கை போர்வைக்கு வெளியே ஊர்ந்து வந்து, கட்டிலின் இரும்புச் சட்டத்தைத் தேடியது. விரலை மடக்கினான்.

டொக்.

கொஞ்சம் பொறுத்து, டொக்.

நுரை மூச்சை அடக்கிக்கொண்டார். ஐந்துவரை எண்ணினார். எட்டு. கை அங்கேயே நின்றது. பதினொன்று. பன்னிரண்டு.

டொக்.

மடிப்பு முகமூடியைக் கொஞ்சம் தூக்கினான். குரல் கரி கிளறுவதுபோல வந்தது. “தலை வெடிக்குதுண்ணே. ஒண்ணு அடிச்சா தேவலைன்னு இருக்கு.”

நுரைக்கும் அப்படித்தான் இருந்தது. மூன்று நாளாகச் சட்டைப் பையில் இல்லாத சிகரெட் பெட்டியை விரல் தேடிக்கொண்டிருந்தது. அதைப்போலத் தேடியது இந்தப் பதினோரு மாதத்தில் இல்லை. அதையும் அவனிடம் சொன்னார். பிறகு குனிந்து, இரும்புச் சட்டத்தில் மூன்று முறை, ஒவ்வொன்றாக, நன்றாகக் கேட்கும்படி தட்டினார்.

மேசையில் தண்ணீர் இருந்தது. பெரிய டாக்டர் பார்க்கும்வரைக்கும் அவனுக்கு ஒரு சொட்டும் கொடுக்கக்கூடாது என்றார் சிஸ்டர் கதவுப் பக்கத்திலிருந்து. நுரை இரண்டு தம்ளரில் ஊற்றினார். அவன் பார்த்துக்கொண்டிருக்க, முதலில் தன்னுடையதையும், பிறகு அவனுடையதையும், மெதுவாகக் குடித்தார். பாதித் தண்ணீர் பேட்ஜின்மேல் போயிற்று.